மனை போட்டால் ஊர் ஆகுமா?

– சிவில், மூன்றாம் ஆண்டு

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழுச் செயலாளர் மூன்று வாரமாக என்னை விரட்டிக்கொண்டிருந்தார். கவிதை எழுத நம் டிபார்ட்மென்ட்டிலேயே பதினாறு பேர் இருக்கிறார்கள் (அத்தனையும் காதல் தோல்வி). ஆகவே எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே விஷயத்தை எழுதுகிறேன். அது, எங்கள் ப்ராஜக்ட் எப்படித் திருப்பி அனுப்பப்பட்டது என்ற கதை.

நாங்கள் நான்கு பேர். எடுத்துக்கொண்ட வேலை, ஐந்து ஏக்கர் நிலத்தில் ஒரு குடியிருப்புக்கு லே-அவுட் போடுவது. கற்பனை நிலம்தான். ஆனால் கணக்கெல்லாம் நிஜம். முப்பதுக்கு நாற்பது மனை. ஒரு அங்குலம்கூட வீணாகாமல் கம்ப்யூட்டரில் இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, கடைசியில் 104 மனைகளைச் செருகிவிட்டோம். பக்கத்து டீம் 96-தான் என்று கேள்விப்பட்டபோது எங்களுக்கு ஏற்பட்ட பெருமையைக் கேட்காதீர்கள்!

கைடு சார் தாளை விரித்துப் பார்த்தார். ஐந்து நிமிஷம் பேசவில்லை.

“பார்க் எங்கப்பா?”

காட்டினோம். 2019-ஆம் வருஷத்து கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளிக்கு விட்டாக வேண்டும். அதாவது நம் பாஷையில் ஓ.எஸ்.ஆர். எங்கள் நிலம் அந்த அளவைப்போல இரண்டு மடங்கு. ஆகவே விட்டிருந்தோம். வடகிழக்கு மூலையில், வாய்க்கால் ஓரம், மனை எதுவும் சரியாக அமையாத ஒரு முக்கோணத் துண்டு. அளவு மட்டும் சதுர அடி சுத்தமாக இருந்தது.

“இதைப் பார்த்து எத்தனை வீட்டு வாசல் இருக்கு?”

எண்ணிப் பார்த்தோம். ஒன்றுகூட இல்லை. ஒரு பக்கம் வாய்க்கால், மற்ற இரண்டு பக்கமும் வீடுகளின் கொல்லைச் சுவர்.

“அப்ப இது பார்க் இல்ல தம்பி. மிச்சம். வெட்டிப் போட்டது போக மீந்த துணி மாதிரி.” தாளைச் சுருட்டி எங்கள் கையிலேயே கொடுத்துவிட்டு, “104 குடும்பத்தைக் கொண்டாந்து வெச்சிட்டீங்க. அதுல ஒருத்தன் இன்னொருத்தன எங்க பார்ப்பான், எதுக்குப் பார்ப்பான்? அதச் சொல்லிட்டு அப்புறம் வாங்க” என்றார்.

மற்ற மூவரும் அன்றைக்கு சாரைத் திட்டிக்கொண்டே டீக்கடைக்குப் போனார்கள். நானும் போனேன், ஆனால் திட்டவில்லை. காரணம் எங்கள் அப்பாயி.

நாங்கள் முன்னே இருந்தது திருச்சியில் ஒரு ஸ்டோர் வீடு. ஸ்டோர் என்றால் கடை என்று நினைக்கிற வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: நடுவில் நீளமாக ஒரு முற்றம், இரண்டு பக்கமும் நாலு நாலாக எட்டுக் குடித்தனம், கோடியில் பொதுக்கிணறு, அதற்கும் அந்தப் பக்கம் பொதுக் கக்கூஸ். அப்பா பஸ் கண்டக்டர். லோன் போட்டு ஊருக்கு வெளியே ஒரு நகரில் (பெயர் என்ன வேண்டியிருக்கிறது, எல்லா நகரும் ஒரே நகர்தான்) மனை வாங்கி, இரண்டு ரூம் வீடு கட்டி, ஒன்பது வருஷம் முன்னால் குடிபோனோம். சொந்த வீடு, சொந்தக் குழாய், சுற்றிலும் ஐந்தரை அடி காம்பவுண்ட். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாயி மட்டும் முதல் நாளே, “ஏன்டா, ஜெயிலாட்டம் கட்டி வெச்சிருக்க?” என்றாள்.

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு நாள். அப்பா டியூட்டியில், அம்மா வேலையில், நான் இங்கே லேபில். காலை ஒன்பதரை மணிக்குக் கொல்லைக் குழாயடியில் பாத்திரம் தேய்க்கப் போன அப்பாயி பாசியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கூப்பிட்டிருக்கிறாள். பின்வீட்டுச் சுவரில் இருந்தது பாத்ரூம் வென்டிலேட்டர் மட்டும்தான். எதிர்வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வந்தபோது மணி மூன்றரை. ஆறு மணி நேரம் அந்தச் சிமெண்ட் தரையில் கிடந்திருக்கிறாள்.

எதிர்வீட்டு அக்கா சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். “எனக்குத் தெரியவே தெரியாதுங்க, சத்தமே கேக்கலீங்க” என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரிய வழியில்லை. அதைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். ஸ்டோரில் காலை ஆறு மணிக்குக் கிணற்றடிக்கு ஒரு ஆள் வரவில்லை என்றால் ஆறேகாலுக்குக் கதவு தட்டப்படும். “என்ன பெரியம்மா, உடம்பு முடியலியா?” என்று யாராவது எட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் ஒன்றும் தெய்வப் பிறவிகள் இல்லை. கிணற்றுக்கயிறு யாருடையது என்று மாதம் ஒரு சண்டை நடக்கும். அப்படியிருக்க, அங்கே ஏன் தெரிந்தது, இங்கே ஏன் தெரியவில்லை?

சாரின் கேள்விக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு பழைய ஸ்டோருக்கே போனேன். பாதி வீடு காலி. ஆனாலும் சுவரும் முற்றமும் அப்படியே இருந்தன. முற்றத்தின் அகலம் 11 அடி. எதிரெதிர் வாசற்படிக்கு நடுவே அவ்வளவுதான்! எந்த வீட்டிலிருந்து கிணற்றுக்குப் போனாலும் குறைந்தது ஒரு வாசலையாவது தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் நகரில் அளந்தேன். ரோடு 30 அடி. இரண்டு பக்கமும் முன்காலி பத்துப் பத்து அடி. வாசலுக்கு வாசல் 50 அடி, நடுவில் இரண்டு சுவர், இரண்டு கேட். சுவர் ஐந்தரை அடி. அப்பாயி நாலடி பத்தங்குலம். அவள் நின்றுகொண்டிருந்தால்கூடத் தெருவில் போகிறவருக்கு அவள் தலை தெரியாது.

லைப்ரரியில் தேடியபோது, இதையெல்லாம் படித்தவர்கள் எப்போதோ அளந்து வைத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. வளாகத்தில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கல்யாணமான மாணவர்களுக்கென்று வெஸ்ட்கேட் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் அங்கே யார் யாரோடு பழகுகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, 1950-ல் புத்தகமாகப் போட்டார்கள். ஒரே மாடியில் அடுத்தடுத்த கதவுக்காரர்கள் நண்பர்களாக இருக்கும் வாய்ப்பு 41 சதவீதம். நடுவில் ஒரு வீடு வந்துவிட்டால் 22. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 10. இத்தனைக்கும் அந்தக் கோடி நூறடி தூரம்கூட இல்லை! மாடிப்படி அடியில் இருந்த கீழ்வீட்டுக்காரர்களுக்கு மட்டும் மேல்மாடியில் நிறைய சிநேகிதர்கள். தினம் அவர்கள் வாசலைத் தாண்டித்தானே மேல்வீட்டுக்காரர்கள் ஏறி இறங்க வேண்டும்? அதே வெஸ்ட்கேட்டில் பொதுமுற்றத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து வாசல் வைக்கப்பட்ட வீட்டுக்காரர்களுக்கு நண்பர்கள் மிகவும் குறைவு. குணத்தைப் பார்த்து யாரும் அவர்களை ஒதுக்கவில்லை. டிராயிங் போட்டவர் வாசலைத் திருப்பிவிட்டார், அவ்வளவுதான்.

இன்னொருவர் டொனால்ட் ஆப்பிள்யார்ட். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏறக்குறைய ஒரே மாதிரியான மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் நாளுக்குச் சுமார் 2,000 வண்டி, இன்னொன்றில் 8,000 சொச்சம், மூன்றாவதில் ஏறத்தாழ 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள். வண்டி மிகுந்த தெருவில் ஒருவர்கூட முழுசாக இல்லை, 0.9 தான். முதல் தெருக்காரர்களிடம், உங்கள் இடம் எதுவரை என்று கேட்டால் தெரு முழுவதையும் காட்டினார்களாம். மூன்றாவது தெருக்காரர்களுக்குத் தங்கள் வீட்டுக் கதவோடு சரி. இந்த மனிதரே 1982-ல் ஏதென்ஸில் வேகமாக வந்த கார் மோதி இறந்துபோனார் என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஆக, பார்க்கிற தூரமும் தாண்டுகிற வாசலும் வண்டியின் வேகமும் சேர்ந்துதான் நாலு பேரை நாலு பேராக ஆக்குகின்றன. பழகுவதற்கென்று யாரும் கிளம்பி வருவதில்லை. தண்ணீர், பால், குப்பை, ரேஷன், பிள்ளையைக் கூப்பிட என்று வேறு வேலையாக வருகிற இடத்தில்தான் பழக்கம் உண்டாகிறது. ‘சமுதாயக் கூடம்’ என்று போர்டு மாட்டிப் பூட்டு போட்டிருக்கிற கட்டடத்தைவிடப் பால் பூத்து பெரிய சமுதாயக் கூடம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, இதை வைத்து யாராவது நிஜமாகவே ஊர் கட்டியிருக்கிறார்களா? கட்டியிருக்கிறார்கள். இந்தூரில் ஆரண்யா. வடிவமைத்தவர் பாலகிருஷ்ண தோஷி. 2018-ல் பிரிட்ஸ்கர் பரிசு வாங்கிய முதல் இந்தியக் கட்டடக் கலைஞர், 2023-ல் காலமானார். 1980-களில் சுமார் 85 ஹெக்டேரில் 6,500 மனைகள். பெரும்பகுதி ஏழைகளுக்கு, மிகச் சிறிய மனை 35 சதுர மீட்டர். வீடு கட்டிக் கொடுக்கவில்லை. அடித்தளம் போட்டு, ஒரு கக்கூஸும் தண்ணீர்க் குழாயும் வைத்து, மீதியை உன் சம்பாத்தியத்துக்குத் தகுந்தபடி நீயே கட்டிக்கொள் என்று விட்டுவிட்டார்கள். மாதிரிக்கு மட்டும் 80 வீடுகளை தோஷி தாமே வரைந்து கட்டிக் காட்டினார்.

எனக்குப் பிடித்தது வேறு விஷயம். வீடுகளைப் பத்துப் பத்தாகக் கொத்துக் கட்டி நடுவில் ஒரு திறந்த இடம் விட்டிருக்கிறார். 20 வீட்டுக்கு ஒரு செப்டிக் டேங்க். அடைத்துக்கொண்டால் இருபது பேரும் கூடிப் பேசித்தானே ஆகவேண்டும்! (சிரிக்காதீர்கள்.) வாசலில் ‘ஓட்லா’ என்று ஒரு மேடை வரும்படி இடம் வைத்தார். நம் ஊர்த் திண்ணைதான் அது. மாடிப்படியும் வெளியிலிருந்தே ஏறுகிறது. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் இப்படி இரண்டுங்கெட்டானாக ஒரு இடம் இருந்தால், அங்கே உட்கார்ந்திருப்பவர் வீட்டிலும் இருக்கிறார், தெருவிலும் இருக்கிறார். நாம் அதை எடுத்துவிட்டுக் காம்பவுண்ட் வைத்தோம். 1995-ல் ஆரண்யாவுக்கு ஆகா கான் கட்டடக் கலை விருது கிடைத்தது.

இதையெல்லாம் சாரிடம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். திண்ணையும் ஸ்டோரும் திரும்பி வரவேண்டும் சார் என்றேன்.

சார் கேட்டார்: “உங்க ஸ்டோர்ல எட்டுக் குடித்தனம்னு சொன்னியே, என்னென்ன ஆளுங்க?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எட்டும் ஏறக்குறைய ஒரே சாதிவட்டம். வீட்டுக்காரர் ‘விசாரித்துத்தான்’ வாடகைக்கு விடுவார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று நம் எல்லோருக்கும் தெரியும். திண்ணை வைத்த தெருக்களும் அப்படித்தான் இருந்தன. ஒரு தெருக்காரர் இன்னொரு தெருவில் செருப்போடு நடக்க முடியாத காலம் அது. திண்ணையில் யார் உட்காரலாம் என்பதும் அன்றைக்கு வகுத்து வைத்த விதிதான். நான் இதை யோசிக்காமலே ஏங்கிக்கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இந்த இடத்தில்தான் சமத்துவபுரத்தை ஒரு லே-அவுட்டாகப் பார்க்கும்படி சார் சொன்னார். முதலாவது சமத்துவபுரம் 1998-ல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. பிறகு தமிழகம் முழுக்க 200-க்கும் மேல் வந்தன. ஒவ்வொன்றிலும் 100 வீடு: ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. சாதிக்கு ஒரு தெரு என்று கிடையாது; கலந்துதான் வீடு. சுடுகாடும் ஒன்றே. நாங்கள் நால்வரும் இரண்டு பைக்கில் பக்கத்தில் இருக்கும் ஒன்றுக்குப் போய் அரை நாள் சுற்றினோம். ரேஷன் கடை நிழலில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். யார் எந்த ஒதுக்கீட்டில் வந்தவர் என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஒரு தாத்தா, “வேலை அங்க, பள்ளிக்கூடம் அங்க, பஸ்ஸு காலைல ஒண்ணு சாயந்தரம் ஒண்ணு. இங்க எப்புடித் தம்பி இருப்பாக?” என்றார். வீட்டைக் கலந்து வைத்தது சரி. ஊரையும் பிழைப்பையும் பக்கத்தில் வைக்கவில்லை.

சிங்கப்பூரில் 1989 முதல் அரசாங்க அடுக்குமாடி ஒவ்வொன்றிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் எத்தனை வீடு வரை இருக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. அதோடு பெரும்பாலான பிளாக்குகளில் தரைத்தளத்தில் வீடு கட்டாமல் வெறுமனே தூண்களோடு விட்டிருக்கிறார்கள். ‘வாய்ட் டெக்’ என்று பெயர். கல்யாணமும் அங்கேதான், துக்கமும் அங்கேதான். லிப்டுக்குப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போக வேண்டும். நம் அப்பார்ட்மென்ட்களிலும் தரைத்தளம் தூணோடுதான் நிற்கிறது. ஆனால் அது முழுக்கக் கார். காருக்கு வெயில்படாத இடம் கிடைத்துவிட்டது, மனுஷனுக்கு அசோசியேஷன் மீட்டிங் போட மொட்டைமாடிதான்!

எங்கள் லே-அவுட்டை மறுபடி போட்டோம். முதலில் அந்த முக்கோணத்தைத் தூக்கிவிட்டு, பார்க்கைச் சதுரமாக நடுவில் வைத்தோம். பதினான்கு வீட்டு வாசல் அதைப் பார்க்கும்படி அமைந்தது. கடைக்கு இரண்டு மனையும் பால் பூத்துக்கு ஒரு சின்ன இடமும் பார்க்கின் மூலையிலேயே. ஊடே போகிற ரோடு ஒன்றே ஒன்று. மற்றவை எல்லாம் வெளி வண்டி குறுக்கே புகுந்து பறக்க முடியாதபடி செய்ய வேண்டும். இதில் ஒரு சிக்கல் வந்தது. முட்டுச்சந்தாகப் போட்டால் சந்து முடிகிற இடத்து மனை தெருக்குத்து ஆகிவிடுகிறது. புரோக்கர் அந்த மனையைக் காட்டவே மாட்டார். வாஸ்துவில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, விற்காத மனை விற்காத மனைதான். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, முட்டுச்சந்தை எல்லாம் ‘ப’ வடிவத்தில் வளைத்துப் பழைய ரோட்டிலேயே கொண்டுவந்து சேர்த்தோம். வெளியாள் உள்ளே புகுந்தால் சுற்றி வந்து புகுந்த ரோட்டுக்கே திரும்ப வேண்டியதுதான். குறுக்கு வழி கிடைக்காது. வளைவு திரும்பும் இடங்களில் மனை வைக்காமல் புங்கமரமும் கல் பெஞ்சும். எந்த வீட்டின் கொல்லைச் சுவரும் பொது இடத்தைப் பார்க்கக் கூடாது என்று எங்களுக்கு நாங்களே ஒரு விதி போட்டுக்கொண்டோம்.

கேட் விஷயம் என்னுடைய யோசனை. கேட்டை எல்லைக்கோட்டிலேயே வைக்காமல் இரண்டடி உள்ளே தள்ளி, அந்தப் பள்ளத்தின் இரண்டு பக்கமும் பதினெட்டு அங்குல உயரத்தில் ஒரு சிலாப். நிலம் நம் நிலம்தான். ரோட்டை ஆக்கிரமித்ததாக யாரும் நோட்டீஸ் விட முடியாது. முன்சுவர் மூன்றரை அடிக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் வேண்டுமானால் கம்பி.

மனைகளின் எண்ணிக்கை 97 ஆகிவிட்டது. ஏழு மனை நஷ்டம்.

வைவாவுக்கு வந்த எக்ஸ்டெர்னல் சரியாக அங்கேதான் விரலை வைத்தார். “ஏழு மனைக் காச யாரு குடுப்பா? நிலத்துக்காரன் குடுப்பானா, நீ குடுப்பியா?” பார்க்கைப் பார்த்த மனைக்கு ரேட் கூட வைக்கலாம் சார் என்றான் என் நண்பன். “எவ்வளவு கூட? கணக்க எழுது பார்ப்போம்” என்றார். எழுதினோம், ஏழில் நாலு மனைக் காசுதான் தேறியது, அதுவும் நாங்களாக வைத்த ரேட்டில். ஆரண்யாவில் ஓரத்துப் பெரிய மனைகளைக் கூடுதல் விலைக்கு விற்று, அந்த லாபத்தைச் சின்ன மனைகளுக்குத் திருப்பினார்கள் என்று சொன்னேன். “அங்க நிலம் கவர்மென்டுது. உன்னுது தனியார் புரமோட்டர்” என்றார். அதற்கு மேல் எங்களிடம் பதில் இல்லை. மார்க் குறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், நல்ல மனுஷர். ஜூனியர் நண்பர்கள் யாராவது அடுத்த வருஷம் இதே ப்ராஜக்ட்டை எடுத்தால் மீதி மூன்று மனைக்குக் கணக்கு தேடுங்கள். எங்கள் டிராயிங் டிபார்ட்மென்ட்டில்தான் இருக்கிறது.

அப்பாவிடம் கேட் டிராயிங்கைக் காட்டியபோது முதலில், “கட்டின சுவர இடிக்கறதுக்கா ஒன்னப் படிக்க வெச்சேன்?” என்றார். பிறகு பொங்கல் லீவில் அவரே கொத்தனாரைக் கூட்டி வந்தார். கேட்டை ஒட்டி ஆறடி நீளத்துக்கு எட்டு வரிசைச் செங்கல் எடுத்தோம். கேட்டை உள்ளே தள்ளி ஒரு பக்கம் மட்டும் கடப்பைக் கல் போட்டோம். இன்னொரு பக்கம் ஈ.பி. மீட்டர் பாக்ஸ் இருந்துவிட்டது. அப்பாயி வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலரை மணிக்கெல்லாம் அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறாள். முதல் வாரம் யாரும் வரவில்லை. இப்போது எதிர்வீட்டு அக்கா முருங்கைக்கீரையை எடுத்துவந்து அங்கேயே உட்கார்ந்து ஆய்கிறார். ‘கல்லு சின்னதா இருக்கு, இன்னும் ஒரடி நீட்டிப் போட்டிருக்கக் கூடாதா’ என்று போன வாரம் அப்பாயி எனக்குப் போன் பண்ணித் திட்டினாள்.